பதினான்காம் எண் பாட்டில்கள்

பேசக் கூடாது என்னும் ஆணை அந்த அறையின் மூன்று சுவர்களில் மூன்று மொழிகளில் எழுதித் தொங்கவிடப்பட்டிருந்தது. நான்காவது சுவர் கண்ணாடியால் ஆனது. அதற்கு அப்பால் மேற்பார்வையாளர் மோகன்குமாரின் மேசை இருந்தது. முகக்கவசத்துக்குள் ஒருவரின் உதடு அசைந்தால்கூடத் தமக்குத் தெரிந்துவிடும் என்று அவர் அடிக்கடி சொல்லிக்கொள்வார். உண்மையில் அவருக்குத் தெரியாது. தமிழ்செல்வி ஏழு மாதங்களாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு முறைகூடக் கண்டுபிடிக்கவில்லை.

ஓசூரிலிருந்து பாகலூர் செல்லும் சாலையில், ஜெர்பராப் பூச்செடிகளை ஆய்வகத்தில் பெருக்கி, பசுமைக்குடில் வைத்திருப்போருக்கு விற்கும் நிறுவனம் அது. ஒரு செடியின் குருத்து நுனியிலிருந்து கடுகளவு வெட்டியெடுத்து, சர்க்கரையும் உப்புகளும் கலந்த கூழின்மேல் வைத்தால், நான்கு வாரங்களில் அது நான்கைந்து குருத்துகளாகும். அவற்றைப் பிரித்து மீண்டும் புதிய பாட்டில்களில் நடுவார்கள். ஒரே தாய்ச்செடியிலிருந்து இவ்வாறு ஆயிரக்கணக்கான செடிகளை எடுத்துவிடலாம். ஆனால் கூழில் ஒரு கிருமி விழுந்தால் போதும். செடியைவிட அது விரைவாகப் பெருகி, பாட்டில் முழுவதையும் பாழாக்கிவிடும்.

ஆகவே நடும் பெண்கள், லேமினார் என்று எல்லோரும் அழைத்த எஃகுப் பெட்டிகளின் முன் அமர்ந்து வேலை செய்தார்கள். பெட்டியின் பின்சுவர் முழுவதும் ஒரு வடிகட்டி. மடிப்பு மடிப்பான வெண்தாளால் ஆன அது ஒரு கம்பி வலைக்குப் பின்னே இருந்தது. தூசும் கிருமியும் நீங்கிய காற்று அதிலிருந்து புறப்பட்டு, இடுக்கி பிடித்த கைகளைக் கடந்து, அமர்ந்திருப்பவளின் நெற்றியிலும் கண்ணிமைகளிலும் எட்டு மணி நேரமும் மெல்ல வீசிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு பாட்டிலின் மூடியிலும் நட்ட தேதியையும் நட்டவரின் எண்ணையும் எழுத வேண்டும். தமிழ்செல்வியின் எண் பதினான்கு. பாட்டிலில் எழுதுவதற்கென்று வழங்கிய எண்ணால் மோகன்குமார் ஆட்களையே அழைக்கத் தொடங்கியிருந்தார். தாயும் தந்தையும் சூட்டிய பெயர் ஒருத்திக்கு இருக்கும்போது அவளைப் ‘பதினாலு’ என்று கூப்பிடுவதால் எந்தச் செடி விரைந்து வளர்ந்தது என்று அவரைக் கேட்பார் இல்லை.

அவள் சாத்தூர்ப் பக்கத்தவள். வயது முப்பத்தொன்று. அண்ணன் நல்லுசாமிக்கு ஓசூரில் வார்ப்பட ஆலையில் வேலை கிடைத்தபோது, அண்ணன் குடும்பத்தோடு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்திருந்ததால் இந்த நிறுவனத்தில் சேர்ந்தாள். சென்ற தை மாதம் அண்ணனின் ஆலை ஒரகடத்துக்குப் போயிற்று. அண்ணனும் அண்ணியும் போனார்கள். அங்கே இரண்டே அறைகள். அண்ணியின் பெற்றோரும் வந்து சேர்ந்திருந்தனர். “நீ வந்தா எங்கயாச்சும் படுத்துக்கலாம், வா” என்றுதான் அண்ணன் அழைத்தான். எங்கேயாவது படுத்துக்கொள்ளும் இடம் எதுவென்று தமிழ்செல்விக்குத் தெரியும். வேலை இருக்கிறது என்று சொல்லி ஓசூரிலேயே தங்கிவிட்டாள்.

பத்து அறைகள் கொண்ட ஒரு லைன் வீட்டில் ஏழாம் அறை அவளுடையது. ஒரு பக்கத்துச் சுவருக்கு அப்பால் இரவுப்பணிக்குச் செல்லும் கன்னடக் குடும்பம். மறுபக்கத்தில் பூட்டிய கதவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளக்கேற்றும் நேரத்தில், காலையிலிருந்து தன் வாயிலிருந்து வெளிவந்த சொற்களை எண்ணிப் பார்த்தாள். தெருமுனையில் ராயக்கோட்டைத் தக்காளியைக் குவித்து விற்றவனிடம் ‘அரைக் கிலோ தக்காளி’ என்று கேட்டிருந்தாள். மூன்று சொற்கள். வேறு இல்லை.

மறுநாள்தான் முதன்முதலாக லேமினாருக்குள் பேசினாள். அதுவும் திட்டமிட்டுச் செய்ததன்று. ஒரு குருத்தை இடுக்கியால் எடுத்துக் கூழில் நிறுத்தும்போது அது இருமுறை சாய்ந்தது. மூன்றாம் முறை நிறுத்துகையில், ‘இங்கன உக்காரு, எங்கயும் போகாத’ என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. முகக்கவசத்துக்குள் தன் மூச்சின் வெப்பத்தை உணர்ந்து அவள் திடுக்கிட்டுக் கண்ணாடிச் சுவரைப் பார்த்தாள். மோகன்குமார் தொலைபேசியில் இருந்தார். குருத்து சாயாமல் நின்றது.

அதன்பின் ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஓரிரு சொற்கள். சில நாள்களில் அண்ணன் மகளைப் பற்றி. சில நாள்களில் அன்றைய பேருந்துக் கூட்டத்தைப் பற்றி. பள்ளியில் வரைந்த செல்லின் படமும் அப்போது நினைவுக்கு வரும். வெளியே தடித்த சுவர். அதை ஒட்டி உள்ளே மெல்லிய சவ்வு. நடுவில் பெரிய வெற்றிடம் போன்ற நீர்ப்பை. ஓரமாக ஒதுங்கிய உட்கரு. செல் என்றால் சிற்றறை என்று பொருள் சொல்லித்தந்தார்கள். அத்தகைய ஒவ்வோர் அறையின் உட்கருவிலும் முழுச்செடிக்கும் உரிய குறிப்பு இருக்கிறது என்பதும், அதனால்தான் கடுகளவு வெட்டினாலும் வேரும் இலையும் பூவும் கொண்ட ஒரு செடி வருகிறது என்பதும் அவளுக்கு எண்ண எண்ணச் சலிக்காதவை. ஓர் அறைக்குள் தனியே அடைபட்டிருப்பதும் ஒரு நாள் முழுமையாகும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளும் அப்படி எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் செடிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடித்திருந்தது.

புரட்டாசியில் ஆயுதபூசை வந்தது. சனிக்கிழமை பிற்பகல் பூசை; ஞாயிறும் திங்களும் விடுமுறை. பாட்டில்களை அவிக்கும் பெரிய கொதிகலனுக்கு மாலை சூட்டினார்கள்; வேன்களுக்கு வாழைக்கன்று கட்டினார்கள்; வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். நடும் அறைக்குள் மட்டும் பூவும் கற்பூரமும் வரக் கூடாது என்பது விதி. எனினும் எட்டு மணி நேரம் சோறு போடும் இயந்திரத்தைப் பூசையன்று வெறும் நெற்றியோடு விட்டுவிட எந்தப் பெண்ணுக்கும் மனம் வருவதில்லை. ஒவ்வொருத்தியும் உள்ளங்கையில் சந்தனத்தை மறைத்துக் கொண்டுபோய், தன் லேமினாரின் வெளிப்புற எஃகில் ஒரு பொட்டு வைத்துவிட்டு வருவாள். மோகன்குமார் அந்நேரம் கண்ணாடிச் சுவரின் பக்கம் திரும்பமாட்டார். அவ்வளவு நாகரிகம் அவரிடம் இருந்தது.

தமிழ்செல்வி கடைசியாகப் போனாள். லேமினாரில் காற்றை வீசும் ஊதி நிறுத்தப்பட்டிருந்தது, அறையில் காற்றே இல்லை. சந்தனம் தோய்ந்த விரலைப் பெட்டியின் வெளிப்புறத்தில் வைக்கப் போனவள் தயங்கினாள். ஒருவருக்குப் பொட்டிடுவதென்றால் முதுகிலா இடுவார்கள்? நாள்தோறும் தனக்கு எதிரே இருப்பது அந்த வடிகட்டி. அன்றாடம் தன் முகத்தைத் தொடுவது அதன் காற்று ஒன்றே. அவள் குனிந்து, கையைப் பெட்டிக்குள் நீட்டி, கம்பி வலையின் நடுவில், தன் நெற்றிக்கு நேரான உயரத்தில் சந்தனத்தை வைத்தாள். வலை சற்று உள்வாங்கியது. விரல் நுனியில் தாளின் மென்மை பட்டது. அதன்மேல் குங்குமம் வைத்தாள். குங்குமத்தின்மேல் ஒரு சாமந்தி இதழை ஒட்டினாள். சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் போக அவசரம் ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை வந்தபோது இதழ் கறுத்துச் சுருங்கியிருந்தது. ஈரத்துணியால் வலையை நன்றாகத் துடைத்தாள். வலை பளிச்சென்று ஆயிற்று. ஊதியைப் போட்டுவிட்டு நடத் தொடங்கினாள்.

ஒன்பதாம் நாள் அவளுடைய பாட்டில்களில் துளிகள் தோன்றின. வெண்மையும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல், பாலாடையில் சிறிது ரோஜா நிறம் கலந்தாற்போன்ற வழவழப்பான துளிகள். முதலில் கூழின் ஓரத்தில். பின்னர்ச் செடியின் அடியில். அதன்பின் செடி மஞ்சளாகிச் சாய்ந்தது. வளர்ப்பறையின் அடுக்குகளில் பதினான்காம் எண் எழுதிய பாட்டில்களாகவே பார்த்துப் பார்த்து எடுத்துத் தள்ளுவண்டியில் அடுக்கினார்கள். மூன்று தட்டுகள் நிரம்பின.

மோகன்குமார் அவளைத் தம் மேசைக்கு அழைத்தார். மேசைமேல் ஒரு பாட்டில் இருந்தது. அருகே தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது.

“பதினாலு, இது என்னன்னு தெரியுதா?”

“கெட்டுப்போச்சு சார்.”

“எப்படிக் கெட்டுச்சு? இது வாயிலேருந்து வர்ற பாக்டீரியா. பாத்தாலே தெரியுது. பேசிக்கிட்டே நட்டா இப்பிடித்தான் வரும்.”

தாளில், வேலை நேரத்தில் விதியை மீறிப் பேசியதை ஒப்புக்கொள்வதாக எழுதப்பட்டிருந்தது. அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அத்தகைய தாளில் கையெழுத்திட்டவர்கள் அந்த மாத இறுதியில் நின்றுவிடுவது அங்கே வழக்கம். குற்றம் இன்னதென்று ஆராயும் முன்பே ஒப்புதலைத் தட்டச்சு செய்து வைத்திருக்கும் இந்த நடைமுறையை எந்த நீதிமன்றத்தில் கற்றார்களோ, தெரியவில்லை.

அறையிலிருந்த மற்ற பெண்களை மோகன்குமார் முன்னரே விசாரித்திருந்தார். பதினாலு யாரோடு பேசுவாள் என்று கேட்டதற்கு, அவள் யாரோடும் பேசமாட்டாள் என்றே எல்லோரும் சொல்லியிருந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில்கூட வாய் திறக்காதவள் என்று ஒருத்தி சிரித்தாளாம். பரிந்து பேசுவதாக எண்ணி அவர்கள் சொன்ன சொற்கள் தமிழ்செல்வியின் காதில் வேறுவிதமாக விழுந்தன.

“என்ன கிருமின்னு பாத்துட்டுச் சொல்லுங்க சார்” என்றாள். “அதுக்கப்புறம் கையெழுத்துப் போடுறேன்.”

அவர் வியப்போடு நிமிர்ந்தார். தர ஆய்வு செய்யும் மணிமேகலை விடுப்பில் இருப்பதாகவும், வெள்ளிக்கிழமை வருவாள் என்றும், அதுவரை நடும் வேலைக்குப் போக வேண்டாம் என்றும் சொன்னார்.

அந்த இரண்டு நாள்கள் அவள் பாட்டில் மூடிகளைத் துடைத்து அடுக்கினாள். ஒரகடத்தில் தனக்கென்று எந்த மூலை ஒதுக்கப்படும் என்று எண்ணிப் பார்த்தாள். ஆனால் அதைவிடப் பெரிதாக மற்றொன்று அவளை அரித்தது. மோகன்குமார் அறியாமற் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஏழு மாதம் பேசியவள் அவள்தானே? தன்னோடு இருக்கும்படி தான் கேட்டுக்கொண்ட அத்தனை செடிகளையும் தன் வாயே கொன்றிருந்தால், அதை அவள் அறிய வேண்டும். வேலை போவதற்கு முன்னர் அறிய வேண்டும்.

மணிமேகலை காவேரிப்பட்டினத்துப் பெண், நுண்ணுயிரியல் படித்தவள், இருபத்துநான்கு வயது. தென்பெண்ணையாற்றங்கரையில் அவர்களுக்கு நிலம் இருந்தது. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கண்ணால் பார்த்து இதற்குப் பெயர் சொல்ல முடியாது என்றாள். தமிழ்செல்வி வாசலிலேயே நிற்பதைக் கண்டு உள்ளே அழைத்தாள்.

“நீங்களும் பாருங்க அக்கா. உங்க பாட்டிலுதானே?”

“நான் பாக்கலாமா மேடம்?”

“மேடமெல்லாம் வேண்டாங்க. வாங்க, மொதல்ல கண்ணு பழகட்டும்.”

முதலில் ஒரு ஜெர்பரா இலையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியின் அடியில் வைத்தாள். தமிழ்செல்வி குனிந்தாள். முதலில் ஒரு பச்சைப் புகைதான் தெரிந்தது. மணிமேகலை திருகைத் திருப்ப, புகை ஒடுங்கி, அறைகளாயிற்று. பள்ளிப் பாடநூலில் கோடுகளாகவே பார்த்திருந்ததை அன்றுதான் உயிரோடு பார்த்தாள். சுவரோடு சுவர் ஒட்டிய எண்ணற்ற அறைகள். ஒவ்வொன்றிலும் பச்சை மணிகள் சுவரோரமாக ஒதுங்கி வரிசையாக நின்றன. நடுவில் நீர்ப்பை, அதற்கு இடம் விட்டுத்தான் அவை ஒதுங்கியிருக்கின்றன என்று மணிமேகலை சொன்னாள். வெளிச்சத்தை உணவாக்குவது அந்தப் பச்சை மணிகளின் வேலை. ஓர் அறையில் மங்கலான ஓர் உருண்டை தெரிந்தது. அது உட்கரு.

“இத்தன சுவரு இருக்கே, ஒண்ணுக்கொண்ணு எப்படிச் சாப்பாடு போகும்?” என்று தமிழ்செல்வி கேட்டாள். பள்ளியில் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி அது.

“சுவத்துல ஓட்டை இருக்குதுங்க, இந்த லென்ஸுல தெரியாது. அது வழியா சக்கரைகூடப் பக்கத்து வீட்டுக்குப் போகும்.” மணிமேகலை சிரித்தாள். “எங்க ஹாஸ்டல்ல ஒரு ஸ்பூன் சக்கரை கேட்டா கதவே தொறக்க மாட்டாங்க.”

தமிழ்செல்வியும் சிரித்தாள். தன் சிரிப்பின் ஒலி அவளுக்கே அன்னியமாக இருந்தது.

அடுத்து, தன் மதிய உணவுத் தயிரிலிருந்து ஒரு துளியைச் சாயமிட்டு, மிகப் பெரிதாக்கும் லென்ஸின் அடியில் வைத்துக் காட்டினாள் மணிமேகலை. இலையின் அறைகளைப் பார்த்த கண்ணுக்கு அவை ஒன்றுமே இல்லை. நீலப் பென்சிலால் வைத்த புள்ளிகளும் சிறு கோடுகளுமாகக் கிடந்தன. அவைதாம் பாக்டீரியா. அவற்றுக்கும் சுவர் உண்டு, சவ்வு உண்டு. ஆனால் உட்கரு இல்லை. உயிருக்குரிய குறிப்பு உள்ளே திறந்தபடியே கிடக்கும். வாயிலிருந்து விழும் பாக்டீரியாவும் ஏறத்தாழ இந்த அளவே இருக்கும் என்றாள்.

பிறகு பதினான்காம் எண் பாட்டிலிலிருந்து ஊசி முனையளவு எடுத்து, அதே சாயமிட்டு, அதே லென்ஸின் அடியில் வைத்தாள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தமிழ்செல்வி தன் இரண்டு கைகளையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“இந்தாங்க, நீங்களே பாருங்க.”

புள்ளிகள் இல்லை. முட்டை வடிவில் பெரிய பெரிய உடல்கள். தயிரில் பார்த்தவற்றைப் பத்துப் பதினைந்தைத் திரட்டினாலும் இவற்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றைச் சுற்றியும் தெளிவான சுவர். உள்ளே வெளிறிய ஒரு வட்டம். அதன் ஓரத்தில் அடர்ந்த ஒரு பொட்டு. ஒரு முட்டையின் தோளில் சிறிய முட்டை ஒன்று மொட்டுவிட்டிருந்தது.

“உட்கரு இருக்குது பாத்தீங்களா? பாக்டீரியா இல்ல. இது ஈஸ்ட்.”

“வாயிலேருந்து வர்றதா?”

“வாயிலயும் ஒரு ஈஸ்ட் இருக்கும். ஆனா அதுக்கு இந்த ரோஸ் கலரு வராதுங்க. இது பூவுல இருக்கும், எலையில இருக்கும், ஈரம் நின்ன எடத்துல இருக்கும்.” அவள் தாளை இழுத்து எழுதத் தொடங்கினாள். “பயப்படாதீங்க அக்கா, நீங்க பேசினதால வரல.”

தமிழ்செல்வி முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தன் வாய் கொல்லவில்லை. அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம் இருந்தது. அதற்குள் பூ என்ற சொல் அவளுக்குள் இறங்கிவிட்டது. கறுத்துச் சுருங்கிய இதழும், வலையில் தேய்த்த ஈரத்துணியும், விரல் நுனியில் பட்ட தாளின் மென்மையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வலையைத்தான் துடைத்தாள். வலைக்குப் பின்னே தாள் மடிப்பில் என்ன தங்கியது என்று பார்க்கவில்லை.

மணிமேகலை எழுதி முடித்த அறிக்கையில், கிருமி ஈஸ்ட் என்றும், அது வந்த வழி தெரியவில்லை என்றும், மழைக்கால ஈரம் காரணமாகலாம் என்றும் இருந்தது. அந்த அறிக்கை போதும். கையெழுத்திட வேண்டாம், ஒரகடம் போக வேண்டாம், திங்கட்கிழமை மீண்டும் தன் இடத்தில் அமரலாம். தமிழ்செல்வி பொட்டு வைத்ததைச் சொல்லாமல் வெளியே வந்தாள்.

வளர்ப்பறையின் வழியாகத்தான் திரும்ப வேண்டும். குழல்விளக்குகளின் வெளிச்சத்தில் அடுக்கடுக்காகப் பாட்டில்கள் இருந்தன. அடித்தட்டின் மூலையில், அவள் நடாத ஒரு பாட்டிலில், அதே ரோஜாத் துளி தெரிந்தது. குனிந்து மூடியைப் பார்த்தாள். எண் இருபத்திரண்டு. அது சரஸ்வதியின் எண். பிற்பகல் முறையில் அதே லேமினாரில் அமர்பவள். இரண்டு குழந்தைகளின் தாய். பேருந்து நிறுத்தத்தில் அவள் பேச்சு சாலையின் மறுபக்கம்வரை கேட்கும். சரஸ்வதி பேசிக்கொண்டே நட்டாள் என்று மோகன்குமார் சொன்னால், நம்பாதவர் அந்த நிறுவனத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

தமிழ்செல்வி அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு மோகன்குமாரின் மேசைக்குப் போனாள்.

அறிக்கையை அவர் ஏற்கெனவே படித்திருந்தார். சற்றுச் சங்கடத்தோடு, மழைக்காலம் முடியும்வரை எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும் என்று தொடங்கினார். அவள் பாட்டிலை மேசைமேல் வைத்தாள்.

“இதுவும் அந்த லேமினார்ல நட்டதுதான் சார். சரஸ்வதிய ஒண்ணும் கேக்காதீங்க. ஃபில்டருல நான் பொட்டு வச்சேன்.”

“எதுல?”

“ஆயுதபூசைக்கு. சந்தனம் வச்சு, பூவும் வச்சேன்.”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். கேலி செய்கிறாளோ என்று ஐயுற்றார் போலும். “எல்லாரும் வெளியதானேம்மா வைக்கறாங்க. ஃபில்டருக்குப் போய் யாராச்சும் பொட்டு வைப்பாங்களா?”

“அதுதான் சார் என் முகத்துக்கு நேரா இருந்துச்சு.”

அவர் எழுந்தார். பராமரிப்பு வேலை பார்க்கும் ஆஞ்சப்பனை அழைத்து, வலையைக் கழற்றச் சொன்னார். தாளின் நடுவே, கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் ஊறிப் பரவியிருந்தது. அதன்மேல் ரோஜா நிறத்தில் ஒரு மெல்லிய படலம் பளபளத்தது. தாள் மடிப்பில் நகக்கீறல் போன்ற ஒரு கிழிசலும் இருந்தது. மூவரும் நின்று அதைப் பார்த்தார்கள். ஆஞ்சப்பன் மட்டும், “நெத்தியாட்டமே இருக்குது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மேலாளரோடு பேசிவிட்டு மாலையில் மோகன்குமார் முடிவைச் சொன்னார். மறைக்காமற் சொன்னதால் வேலை போகாது. ஆனால் நடும் அறையில் இனி இடம் இல்லை. திங்கள் முதல் பாட்டில் கழுவும் பிரிவுக்குப் போக வேண்டும். மேசைமேல் அந்தப் பழைய தாள் இன்னும் இருந்தது. பேசினாள் என்ற குற்றம் பொய்யென்று அறிக்கையே சொல்லிவிட்டது. அதை அவர் நான்காய்க் கிழித்து எறிந்திருக்க வேண்டும். அவரோ கோப்பில் ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும் என்பவர்போல, அதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

“இத என்ன பண்றதுன்னு தெரியலம்மா. நீதான் பேசலன்னு ஆயிடுச்சே.”

“பேசினேன் சார்” என்றாள் தமிழ்செல்வி. “ஆளுங்ககிட்ட இல்ல.”

பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டாள். எண்ணை எழுதவில்லை, முழுப்பெயரை எழுதினாள். யாரிடம் பேசினாய் என்று அவர் கேட்கக்கூடும் என்று எண்ணி ஒரு கணம் நின்றாள். அவர் தாளைக் கோப்பில் வைத்தார்.

கழுவும் பிரிவு கட்டடத்தின் பின்புறம், தகரக் கூரையின் கீழ் இருந்தது. நீண்ட சிமென்ட் தொட்டிகள், எப்போதும் திறந்திருக்கும் குழாய்கள், ஆறு பெண்கள். தெலுங்கும் கன்னடமும் தண்ணீர் இரைச்சலுக்கு மேல் பறந்தன. எதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று தமிழ்செல்விக்கு விளங்கவில்லை. தொட்டியின் கடைக்கோடியில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். அருகில் நின்றவள் பாகலூர்க்காரி வெங்கடம்மாள். வெற்றிலைக் காவி படிந்த பற்களும் முழங்கைவரை நனைந்த கைகளுமாக இருந்தாள். கரண்டியால் கூழைச் சுரண்டும் விதத்தை ஒரு முறை செய்து காட்டிவிட்டு, தன் பேச்சுக்குத் திரும்பினாள்.

கெட்டுப்போன பாட்டில்களைக் கொதிகலனில் அவித்துக் கிருமியைக் கொன்ற பிறகே கழுவ அனுப்புவார்கள். அன்று காலை வந்த முதல் தட்டில் எல்லா மூடிகளிலும் பதினான்கு என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்து. அவிந்த செடிகள் பாசிப்பருப்பு நிறத்தில் துவண்டு கிடந்தன. ஒவ்வொரு செடியின் உள்ளேயும் இன்னமும் அந்தச் சுவர்கள் நிற்கும். அறைகள் வரிசை குலையாமல் இருக்கும். உள்ளே மட்டும் யாரும் இருக்கமாட்டார்கள். முதல் பாட்டிலைச் சுரண்டித் தொட்டியில் கவிழ்த்தாள். இரண்டாவதைக் கவிழ்த்தாள். மூன்றாவதை எடுத்தபோது, ஏழு மாதப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. முகத்தில் கவசம் இல்லாததை அவள் மறந்திருந்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, பொட்டுத்தான் வைத்தேன் என்று அந்தப் பாட்டிலிடம் சொன்னாள்.

வெங்கடம்மாள் திரும்பித் தமிழில் கேட்டாள்.

“யாருகிட்டம்மா பேசற?”

தமிழ்செல்வி சட்டென்று சுவர்களைப் பார்த்தாள். மூன்று பக்கமும் வெறும் செங்கல். நான்காம் பக்கம் திறந்த வெளி. பலகை எதுவும் இல்லை.

“இந்தப் பாட்டிலுகிட்ட” என்றாள்.

வெங்கடம்மாள் பாட்டிலைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். கேலிக்கு ஆயத்தமானவள்போல் தெரிந்த முகம் பிறகு மாறிக்கொண்டது. ஈரக்கையால் காதோரத்து முடியை ஒதுக்கினாள்.

“கொஞ்சம் சத்தமாத்தான் பேசேன். தண்ணி எரைச்சல்ல ஒண்ணும் கேக்கல.”

தமிழ்செல்வி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சத்தமாகப் பேச அவளுக்கு உடனே வரவில்லை. வெங்கடம்மாள் குழாயைச் சற்றே மூடிவிட்டு, பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.